குறைந்தது என்று சொல்ல வேண்டும்

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல வராதவனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வாய் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, சோலைமலை நீதிமன்ற வராண்டாவின் சிமென்ட் பெஞ்சில் இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தார், பிறகு அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தார். 'இந்தச் செய்தியைப் படித்ததும் அவர் மீது நான் வைத்திருந்த மதிப்பு குறைந்துவிட்டது.' அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கி, எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, வந்த மாதிரியே பூபதியின் காரில் ஏறி ஊருக்குப் போய்விடலாம். போய் முதல் வேலையாகப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குக் கட்டியிருக்கிற ஸ்பீக்கர் பாக்ஸ்களின் மேல் தார்ப்பாய் போட வேண்டும், வானம் வேறு மூடிக்கொண்டு வருகிறது. ஊரில் எந்தக் கட்சிக் கூட்டம், எந்தக் காதுகுத்து, எந்தக் கருமாதி என்றாலும் மைக் செட் சோலைமலையுடையதுதான். ஊரார் பேச்சையெல்லாம் ஊருக்கே கேட்க வைத்தவர், தன் பேச்சு என்று மைக்கில் பேசியது 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ' மட்டும். நாலு என்று சொல்லும் அவசியம்கூட அவருக்கு வந்ததில்லை. இல்லை, ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறார். அதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும்? அவர் எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்து, மறுபடி உட்கார்ந்தார். பூபதி எடுத்துக் கொடுத்த புதுச் சட்டை கழுத்தில் அறுத்தது. கஞ்சி அதிகம். சாட்சி சொல்லப் போகிறவனுக்கு வெள்ளைச் சட்டை எதற்கென்று கேட்டதற்கு, 'பார்த்தா ஒரு மரியாதை வேணாமாடா' என்றான். மரியாதை. எங்கே திரும்பினாலும் இன்றைக்கு இந்த ஒரு சொல்தான் முட்டுகிறது.

அவர், அவர் என்று சொல்லிப் பழகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் பூபதியின் வக்கீல். கூட்டத்தில் எப்போதும் அவர்தான், மனசுக்குள் எப்போதும் அவன்தான். பூபதிராஜா. நகராட்சித் தலைவர் பதவி போய் எத்தனையோ வருடமாகியும் ஊர் அவனைச் சேர்மன் என்றுதான் கூப்பிடுகிறது, அவனும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறான். இப்போது சட்டசபைக்கு நிற்க ஆசை. அந்த நேரம் பார்த்து 'ஊர்ச்சேதி' வாரப்பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. கண்மாய்க்குள் கல்யாண மண்டபம், முன்னாள் சேர்மனின் கைங்கரியம் என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தாள் அமலி. அவள்தான் ஆசிரியர், அவள்தான் நிருபர், கட்டுக் கட்டிக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவதும் அவள்தான். கட்சியில் மேலிடத்தில் கூப்பிட்டு, கறையைத் துடைத்துவிட்டு வா, சீட்டைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார்களாம். பூபதி அவள்மேல் அவதூறு வழக்குப் போட்டான். ஜெயித்தால் அவனுக்குச் சீட்டு, அவளுக்குச் சிறை. இரண்டு வருடம் வரை போடலாமாம். பத்திரிகை அதற்கு முன்பே படுத்துவிடும். நடுவில் சோலைமலையின் நாக்கு. மானம் போச்சு என்று போனவனே சொன்னால் கோர்ட்டில் எடுபடாதாம், ஆமாம் போய்விட்டது, நான் பார்த்தேன் என்று வேறு ஒருவன் வந்து சொல்ல வேண்டுமாம். பர்ஸ் தொலைந்தால்கூட இவ்வளவு பாடு கிடையாது.

சொல்ல ஆள் தேடித்தான் பூபதி அலைந்தான். அங்கேதான் சிக்கல். நகைக்கடை முதலாளியிடம் போனான். அவர் எழுந்து நின்று கும்பிட்டு, 'சேர்மன் மேல நான் வச்சிருக்கிற மரியாதை எந்தப் பேப்பரைப் படிச்சாலும் குறையாதுண்ணே, என் வாயால எப்படிக் குறைஞ்சுதுன்னு சொல்றது' என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். உண்மையில் மரியாதை வைத்திருந்தவன் ஒருவனும் குறைந்தது என்று சொல்ல மாட்டேன் என்கிறான். வைக்காதவனைக் கேட்டால், எப்ப இருந்துச்சு குறையுறதுக்கு என்பான். கடைசியில் வந்து நின்றது சோலைமலை வீட்டு வாசலில். வக்கீல் வரதராஜன் அலுவலகத்தில் உட்காரவைத்து, செய்தியைப் படிச்சதும் உங்களுக்கு என்ன தோணுச்சு என்று கேட்டார். சோலைமலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். 'ஒண்ணுமே தோணலைங்க. ஊரே படிச்சாலும் பூபதி மேல எனக்குள்ள மரியாதை இம்மியும் குறையலை.' நண்பனுக்கு இதைவிட என்ன சொல்லிவிட முடியும் என்று திரும்பிப் பார்த்தால், வக்கீல் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். 'போச்சு. நீங்க ஒருத்தரே போதும், கேஸைத் தோக்கடிக்க. குறையலைன்னா அவருக்கு என்னய்யா நஷ்டம்?' பூபதி விழுந்து விழுந்து சிரித்தான். 'குறைஞ்சுதுன்னு சொல்லித் தொலைடா மாப்ள. எனக்குக் கோயிலா கட்டப் போற?' சோலைமலையும் சிரித்தார். வீட்டுக்கு வந்து மனைவி செண்பகத்திடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டே, 'கூடுச்சு, குறைஞ்சுது, இதுல என்ன இருக்கு. உங்க மரியாதையைத் தராசுல வச்சா பாக்கப் போறாங்க' என்றாள். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தார். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கேட்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. குறையாததைக் குறைந்தது என்றால் பொய்ச் சத்தியம். அவர் அம்மா பொய்ச் சத்தியம் செய்தவர்களின் கதையாகச் சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். ஒருவனுக்குக் கண் போனது, ஒருவனுக்கு வாரிசு போனது. அம்மாவுக்குத் தெரிந்த பொய்யர்கள் எல்லாரும் சீக்கிரமே கெட்டார்கள். சோலைமலைக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் கெடவில்லை, மேடை ஏறி மாலை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், மைக்கும் அவர்தான் போடுகிறார். இருந்தாலும் பயம் பயம்தான்.

யாரோ பெஞ்சின் மறுமுனையில் வந்து உட்கார்ந்தார்கள். திரும்பினால் அமலி. மடியில் டிபன் பாக்ஸ், கையில் கம்பி உடைந்த குடை. சோலைமலைக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. எழுந்தால் பயந்த மாதிரி ஆகும், உட்கார்ந்தால் உறவாடுகிற மாதிரி ஆகும், தூரத்தில் வேப்பமரத்தடியில் பூபதி போனில் பேசிக்கொண்டே இங்கேதான் பார்க்கிறான். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து, திரும்ப மூடினாள். 'அண்ணே, எங்க அப்பா அடக்கத்துக்கு நீங்கதான மைக் போட்டீங்க?' அவர் தலையை மட்டும் ஆட்டினார். 'சாமியார் பேசுறப்ப கரகரன்னு வந்துச்சு. நீங்க பெட்டிக்குப் பக்கத்துலயே முட்டி போட்டு ஒயரைப் பிடிச்சுக்கிட்டே இருந்தீங்க, அடக்கம் முடியுற வரைக்கும்.' அவருக்கு ஞாபகம் இருந்தது. முனை தேய்ந்த ஒயர், மாற்று இல்லை. அது பெருந்தன்மை அல்ல, சோம்பேறித்தனத்தின் கூலி. அதைச் சொல்லலாமா என்று நினைப்பதற்குள் அவள், 'பயமா இருக்காண்ணே? நான் முதல் தடவை வந்தப்ப எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும், வேற ஒண்ணும் செய்ய மாட்டாங்க' என்றாள். இது என்ன கூத்து? உள்ளே தள்ளப் போகிறவனுக்கு, உள்ளே போகப் போகிறவள் தைரியம் சொல்கிறாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாபம் விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், மனசு கெட்டிப்பட்டிருக்கும். 'சாப்பிடும்மா' என்றார் சோலைமலை. அவள் 'எல்லாம் முடியட்டும்ணே' என்று சொல்லிவிட்டுக் கூட்டம் குறைவாக இருந்த தூணோரமாகப் போய் நின்றுகொண்டாள். விலங்கு பூட்டிய இரண்டு பேரைப் போலீஸ்காரர் நடத்திக்கொண்டு போனார். அதில் ஒருவன் மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிறவன் மாதிரி சிரித்துக்கொண்டே போனான். சோலைமலைக்கு முட்டிக்கொண்டு மூத்திரம் வந்தது. இப்போது போனால் அப்போது பார்த்துக் கூப்பிடுவார்கள். அவர் காலைப் பின்னிக்கொண்டார்.

குறைந்திருந்தால் பிரச்சினையே இல்லை, அதுதான் விஷயம். உண்மையிலேயே எங்காவது கொஞ்சம் குறைந்திருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு கூண்டில் ஏறிவிடலாம், பொய்யும் ஆகாது, நட்பும் போகாது. அவர் தேடத் தொடங்கினார். செய்தியைப் படித்த காலை முதலில். முடிவெட்டும் கடையில், பாதித் தலையோடு, அடுத்தவர் படித்துக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்துப் படித்தார். என்ன தோன்றியது? அமலிக்கு எழுதத் தைரியம் வந்துவிட்டதே என்று தோன்றியது. கண்மாய்க்குள் மண்டபம் இருப்பது அவருக்குச் செய்தியா என்ன? திறப்பு விழாவுக்குக் கம்பம் நட ஒரு முழம் தோண்டியதற்கே குழியில் தண்ணீர் ஊறியது. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தினால் சுவருக்குப் பின்னாலிருந்து தவளை பாட்டை எடுத்துக்கொண்டது. மைக்கில் அது இன்னும் நன்றாகவே கேட்டது. 'மங்கள வாத்தியம்டா மாப்ள' என்றான் பூபதி. அன்றைக்குக் குறைந்ததா? இல்லை. வெட்கம்கெட்டுச் சிரித்தார், பந்தியில் உட்கார்ந்து பாயாசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஒரு கண்மாயே போய்விட்டது, மரியாதை போகவில்லை. ஏனென்றால் அம்மா. அம்மா பெரியாஸ்பத்திரியில் செத்தபோது ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லை என்றார்கள். அப்போது சேர்மன் பதவியில் இருந்த பூபதி, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலைப்பக்கம் தான் பிடித்துக்கொண்டு கால்பக்கம் சோலைமலையைப் பிடிக்கச் சொன்னான். மாடிப்படியில் இறங்கும்போது அம்மாவின் தலை ஆடாமல் இருக்க நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தெருக்காரர்களே தொடத் தயங்குகிற சாவு அது, காய்ச்சல் கண்ட சாவு. பாடைக்கும் தோள் கொடுத்தான். அதற்குப் பிறகு அவன் கண்மாயைத் தின்றால் என்ன, கடலைத் தின்றால் என்ன? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள், தோள் கொடுத்தவனை எவ்வளவு காலம் நினைப்பது? இதை உள்ளே உட்கார்ந்து வழக்கை விசாரிக்கிற நடுவர் அம்மாவிடம் சொல்ல முடியுமா? அம்மா, என் மரியாதை செய்தியில் இல்லை, மாடிப்படியில் இருக்கிறது என்றால், அடுத்த கேஸைக் கூப்பிடு என்பார்கள்.

சரி, குறையவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவன் வீட்டுப் படியேற இப்போதெல்லாம் கால் கூசுகிறதே, அது ஏன்? போன் அடித்தால் பூபதி என்று தெரிந்தும் ஒரு நிமிஷம் அடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோமே, அது ஏன்? வயசாகிவிட்டது, சர்க்கரை என்று செண்பகம் சொல்வாள். மனம் திரும்பத் திரும்ப ஓரிடத்தில் போய் நின்று, நின்றதும் பக்கவாட்டில் நழுவிக்கொண்டது. தார்ப்பாய், ஆண்டுவிழா, சட்டைக் கழுத்து. நழுவ நழுவ அதே இடத்துக்கு வந்தது. ஐப்பசி. செய்தி வந்தது தையில், இது அதற்கு முந்தின ஐப்பசி. விடாத மழை, தேங்க இடமில்லாத கண்மாய்த் தண்ணீர் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பள்ளத்தெருவுக்குள் இறங்கிவிட்டது. ஜனம் கொதித்துப்போயிருந்தது. பூபதி ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டச் சொன்னான். வழக்கமாக அறிவிப்புச் செய்கிறவருக்குக் காய்ச்சல். 'நீயே பேசு மாப்ள, நான் சொல்லச் சொல்லச் சொல்லு.' பின்சீட்டில் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பூபதி காதில் சொன்னான், சோலைமலை மைக்கில் சொன்னார். இது இயற்கையின் சீற்றம். மேலே அணையைத் திறந்ததால் வந்த வெள்ளம். மண்டபத்தால் வந்தது என்பது விஷமிகள் கிளப்பும் வதந்தி, யாரும் நம்ப வேண்டாம். புளிசாதப் பொட்டலம் வந்துகொண்டிருக்கிறது. அணையை ஒருவரும் திறக்கவில்லை, அதில் திறப்பதற்குத் தண்ணீரும் அப்போது இல்லை. முழங்கால் தண்ணீரில் நனைந்த மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண், பக்கத்தில் கத்திக்கொண்டிருந்த தன் புருஷனை அடக்கினாள். 'கம்முனு இரு. சோலையண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.' அவன் அடங்கிவிட்டான். ஆட்டோ தெருமுனை திரும்பியது. பூபதி ஒரு வாழைப்பழத்தை உரித்து, பாதியைப் பிய்த்து நீட்டினான். 'நான் சொல்லியிருந்தா ஒருத்தனும் நம்பியிருக்க மாட்டான். உன் குரல்ல பொய் பொய்யாவே தெரியலைடா' என்று சந்தோஷமாகச் சிரித்தான். வஞ்சகம் ஒன்றுமில்லை, மனசாரப் பாராட்டினான். சோலைமலை பாதிப் பழத்தை வாங்கிக்கொண்டார். தின்னவும் தின்றார். அது தொண்டையை விட்டு இறங்கும்போது கூடவே வேறு ஏதோ இறங்கியது. இடி விழவில்லை, சண்டை போடவில்லை, மறுநாளும் அவனுடைய கூட்டத்துக்கு மைக் கட்டினார். ஆனால் இறங்கியது இறங்கியதுதான். அடப் பாவி, அப்படியானால் குறைந்திருக்கிறது. தேடியது கிடைத்துவிட்டது என்று ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. சொல்லிவிடலாம், பொய் இல்லை, குறைந்தது உண்மை. அடுத்த நொடி அந்த நிம்மதி கருகிப்போயிற்று. குறைந்தது உண்மை, ஆனால் செய்தியால் அல்லவே.

'சோலைமலை... சோலைமலை... சோலைமலை...' டவாலி வாசலில் நின்று, அவர் ஏதோ வெளியூர் ஆள் மாதிரி கூவினார். கால்கள் தாமாக நடந்தன. செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று யோசித்து, கழற்றாமல், உள்ளே போய் நாலடி வைத்ததும் திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார். யாரோ சிரித்தார்கள். கூண்டு அவர் இடுப்பளவுதான் இருந்தது. மேலே நடுவர் அம்மா மூக்குக்கண்ணாடியோடு எழுதிக்கொண்டிருந்தார். முன்னால் மைக் இல்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று சொல்லச் சொன்னதைச் சொன்னார். பூபதி முதல் வரிசையில் உட்கார்ந்து, தைரியமாகச் சொல்லு என்பது போல் கண்ணைச் சிமிட்டினான். வரதராஜன் எழுந்து, பெயர், தொழில், எத்தனை காலப் பழக்கம் என்று தடவிக் கொடுத்துக்கொண்டே வந்து, 'சரி, இந்தச் செய்தி வந்ததுக்குப் பிறகு மனுதாரர் மேல உங்க மதிப்பு எப்படி இருக்கு?' என்றார். 'குறைஞ்சு போச்சுங்க' என்றார் சோலைமலை. சொல்லிவிட்டார். நாக்கு அழுகவில்லை. நடுவர் அம்மா தட்டச்சருக்குச் சொன்னார். 'செய்தி வெளியானதற்குப் பின், மனுதாரர் மீதான மதிப்பு எனக்குக் குறைந்துவிட்டது.' வரதராஜன் திருப்தியாக உட்கார்ந்தார். இறங்கிவிடலாம், டீக்கடை, கார், தார்ப்பாய். அமலியின் வக்கீல் சின்ன வயசு, ஜலதோஷம் பிடித்திருந்தது. கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு எழுந்தவன், கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்டது போலத்தான் கேட்டான். 'செய்தியைப் படிச்சதுனாலதான் குறைஞ்சுதா?' கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த தாளைப் புரட்டினான். ஆமாம் என்றால் முடிந்தது. ஆமாம் என்பது எவ்வளவு சின்னச் சொல், வாயைத் திறந்தாலே பாதி வந்துவிடும். கேள்வியிலிருந்த அந்த 'தான்' குறுக்கே நின்றது. சோலைமலை எதிரே நின்றிருந்த அமலியைப் பார்க்கவில்லை. பூபதியையும் பார்க்கவில்லை. தட்டச்சரின் விரல்கள் எந்திரத்தின் மேல் தயாராக நின்றதைத்தான் பார்த்தார். 'இல்லைங்க' என்றார்.

வக்கீல் தாளிலிருந்து தலையைத் தூக்கினான். 'அப்புறம்?' 'அதுக்கு முந்தின ஐப்பசியிலயே குறைஞ்சு போச்சு.' நடுவர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். 'என்ன சொன்னீங்க? இங்க கேக்கலை. சத்தமா சொல்லுங்க.' அவரிடம், சத்தமாகச் சொல்லுங்கள் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சத்தத்தைக் கூட்டத் திருப்புவதற்குக் குமிழ் இல்லை, ஒளிந்துகொள்வதற்கு ஸ்பீக்கர் பெட்டி இல்லை, தொண்டை மட்டும் இருந்தது. 'பேப்பர் வர்றதுக்கு முன்னாடியே குறைஞ்சு போச்சுங்கம்மா. பேப்பர்ல புதுசா ஒண்ணும் இல்லை.' வராண்டாவில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள். வரதராஜன் எழுந்து என்னவோ ஆட்சேபித்தார், அது எடுபடவில்லை. தட்டச்சு எந்திரம் விடாமல் தட்டியது. என்ன எழுதினார்கள், எங்கே கையெழுத்துப் போட்டார், எப்படி வெளியே வந்தார் என்பதெல்லாம் பிறகு யோசித்தபோது அவருக்குப் பிடிபடவே இல்லை.

வேப்பமரத்தடியில் வந்து நின்றபோது தூறல் விழ ஆரம்பித்திருந்தது. கார் அங்கேதான் நின்றது. பஸ்ஸுக்குப் போகலாம் என்று திரும்பினால், பின்னாலேயே பூபதி வந்துகொண்டிருந்தான். அடிப்பான் என்று நினைத்தார். அடிக்கட்டும். துரோகி என்பான். அதற்கும் தயார். கடன்பட்ட தோள், நாலு அடி வாங்கினால் என்ன குறைந்துவிடப் போகிறது? பூபதி பக்கத்தில் வந்து நின்றான். வரதராஜன் தூரத்திலிருந்து கூப்பிட்டதற்கு, இரு என்று கையைக் காட்டினான். மூச்சு வாங்கியது அவனுக்கு. சண்டைக்கு வந்தவன் முகமாக அது இல்லை. ஜேபியில் வைத்த சாவியைக் காணாமல் தேடுகிறவன் முகமாக இருந்தது. 'எந்த ஐப்பசிடா?' என்றான். 'சொல்லுடா மாப்ள. நான் என்னடா செஞ்சேன் உன்னைய? உன் மக கல்யாணத்துக்கு வரலியே, அதுவா? டெல்லியில இருந்தேன், தெரியும்ல உனக்கு.' நடிக்கிறானா என்று அவர் அவன் கண்ணுக்குள் பார்த்தார். நடிக்கவில்லை. உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தான், ஒவ்வொரு வருடமாகத் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான், தூறல் வலுத்து வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியும் காருக்குள் ஏறாமல் நின்றான். பள்ளத்தெரு ஞாபகத்துக்கு வரவில்லை அவனுக்கு. ஆட்டோ வரவில்லை. பாதிப் பழம் வரவில்லை.